கியர் பாக்ஸின் தொப்புள்

பழனிவேல் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது புதிதல்ல. ஆனால் இந்தத் தடவை கற்பூரத்தை வேறு அடித்து மாட்டிக்கொண்டான்.

"இனிமே கியர் பாக்ஸ் சூடாயி முள்ளு செவப்புக்குப் போச்சுன்னா, வண்டி சாவிய ஒங்கிட்ட குடுத்துட்டு ஒன் கடையில வந்து ஒக்காந்துக்கறேன் மச்சான். போதுமா?" என்று சொல்லி, கடலூர் முதுநகரில் தன் வீட்டு வாசலில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை உள்ளங்கையால் பட்டென்று அடித்து அணைத்தான். மச்சானும் மனைவியும் சாட்சி. இனி அந்த ஆண்டவனே வந்து சொன்னாலும் பழனிவேல் பேச்சு மாற மாட்டான். அப்படி ஒரு பிறவி. சத்தியம் செய்துவிட்டான் என்பதற்காக ஒரு வருஷம் முழுக்க டீ குடிக்காமல் இருந்தவன்.

மச்சான் எழிலன், மனைவி தில்லையம்மாளின் தம்பி. சிதம்பரத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தான். வளையல், ரிப்பன், ஹேர் கிளிப், ஸ்டிக்கர் பொட்டு. கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அக்கா புருஷன் மேல் ரொம்ப நாளாகக் கண். போன தீபாவளிக்குக் கூட்டம் தாங்கவில்லை என்று பழனிவேலை ஒரு பொழுது அங்கே உட்கார வைத்தார்கள். மயில் கழுத்துக் கலரில் ரிப்பன் கேட்ட பெண்ணிடம் நீலத்தையும் பச்சையையும் முறுக்கிக் கொடுத்தான். "வளையக்கார அண்ணே" என்று ஒரு சின்னப் பெண் கூப்பிட்டது அவன் காதில் பொங்கல் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. பத்துச் சக்கர லாரியைத் திருப்பிய கையால் ஸ்டிக்கர் பொட்டு பிரித்துக் கொடுப்பதைவிட கெடிலம் ஆற்றில் விழுந்துவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தான்.

ஆனால் மச்சான் பக்கமும் நியாயம் இருந்தது. ஒரே வருஷத்தில் கியர் பாக்ஸ் இரண்டு தடவை போயிருந்தது. முதல் தடவை கம்மாபுரம் பக்கம், ஜல்லி லோடு. இரண்டாவது தடவை பண்ருட்டியில் பலாக்காய் ஏற்றிக்கொண்டு வந்தபோது. மெக்கானிக் வந்து வண்டியைக் கிளப்புவதற்குள் லோடு முழுக்கப் பழுத்து, ஊர் ஈ எல்லாம் லாரிக்குக் குடிவந்துவிட்டது. பழனிவேல் ரோட்டைத் திட்டினான், மெக்கானிக்கைத் திட்டினான், சனிப் பெயர்ச்சியைத் திட்டினான்.

எழிலன் இன்டர்நெட்டில் பார்த்து விஷயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தான். "மாமா, பாரம் இழுக்குற வண்டியில கியர் பாக்ஸ் எண்ணெ எண்பது, தொண்ணூறு டிகிரியில இருந்தா நல்லது. நூத்திப் பத்து வரைக்கும் தாங்கும். நூத்தி இருபது தாண்டுனா எண்ணெ தண்ணி மாதிரி ஆயிடும், பல்லோட பல்லு ஒரசும், அப்புறம் அள்ளி சாக்குல கட்டிக்க வேண்டியதுதான்." சொன்னதோடு நிற்காமல் சென்னையிலிருந்து ஒரு மீட்டரையும் வாங்கி வந்து மாட்டினான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம். கியர் பாக்ஸின் சூட்டை முள் காட்டும். மீட்டரை மாட்டிய இடம்தான் விசேஷம். டிரைவருக்குத் தெரியாதபடி இடது பக்கத்து சீட்டைப் பார்த்து வைத்தான்.

"டிரைவர் கண்ணு ரோட்டுல இருக்கணும் மாமா. அக்கா கூட வந்து முள்ளப் பாத்து சொல்லட்டும்."

பழனிவேலுக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் பெண்டாட்டியை போலீசாக உட்கார வைக்கிறான் மச்சான். அந்தக் கோபத்தில்தான் கற்பூரம் கேட்டான்.

சத்தியத்துக்குச் சோதனை உடனே வந்தது. தானே புயல் அடித்து ஓய்ந்ததற்கு அடுத்து வந்த சித்திரை மாதம். விழுந்த முந்திரி மரங்களே இன்னும் முழுக்க அப்புறப்படுத்தப்படாமல் கிடந்தன; கரண்ட் வருவது ஒரு திருவிழா, போவது தினசரி. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு பெரிய டிரான்ஸ்பார்மரைக் கொண்டுபோக வேண்டும் என்று லோடு கிடைத்தது. யானைக்குக் காதைச் சுற்றி பைப்பும் பீங்கானும் வைத்தது போல ஒரு சாமான். வண்டி தாங்குகிற எடையைவிட ஜாஸ்தி. கூட வந்த என்ஜினியர், "மெதுவா, உருட்டிக்கிட்டுதான் போவணும். ஆட்டம் கூடாது" என்று சொல்லிவிட்டு, சிதம்பரத்தில் காத்திருப்பதாக ஜீப்பில் ஏறிக் காணாமல் போனார். கிளீனர் வீட்டில் கல்யாணம். ஆக, லாரியில் பழனிவேலும் தில்லையம்மாளும், நடுவில் ஒரு தண்ணீர் கேனும், இடது பக்கம் அந்த முள்ளும்தான்.

தில்லையம்மாள் அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எவ்ளோ?" என்றான் பழனிவேல்.

"எழுவது."

காரைக்காடு தாண்டியதும் மறுபடி கேட்டான். "எண்பது" என்றாள். சொல்லி முடித்த கையோடு, "மாமா, வண்டிய ஓரங்கட்டுங்க. தொண்ட காஞ்சு போச்சு, எளநி குடிக்கணும்" என்றாள்.

"கேன்ல தண்ணி இருக்கே."

"அது சுடுது."

நிறுத்தினான். அவள் இளநீர் குடித்தாள் என்று சொல்ல முடியாது, இளநீரோடு குடும்பம் நடத்தினாள். வழுக்கையைச் சுரண்டச் சொல்லி, அது முற்றலாக இருக்கிறது என்று வேறு வெட்டச் சொல்லி, இளநீர்க்காரனின் மாமியார் ஊர் எது என்று விசாரித்து, ஒருவழியாக ஏறி உட்கார்ந்தாள். பழனிவேல் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கியரில் கிளப்பினான். அந்த லோடுக்கும் அந்த வேகத்துக்கும் இரண்டாவது கியரைத் தாண்ட வழியில்லை.

ஆலப்பாக்கத்தில் அவன் நிறுத்தவே தேவை இருக்கவில்லை. ஊரே நிறுத்தியது. டிரான்ஸ்பார்மர் வருகிற சேதி அவர்களுக்கு முன்பே போய்விட்டிருந்தது. மேளம் இல்லை என்பதுதான் குறை; மாலை இருந்தது, ஆரத்தித் தட்டு இருந்தது, பூசணிக்காய்கூட இருந்தது. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் லாரியின் படியில் ஏறி நின்று, தன் பெருமுயற்சியால் ஊருக்கு வெளிச்சம் வந்துவிட்டதாகப் பேசத் தொடங்கினார்.

"ஐயா, இது சிதம்பரத்துக்குப் போறது" என்றான் பழனிவேல்.

"எங்க ஊரு வழியாத்தான போவுது" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். கூட்டம் கை தட்டியது.

பிறகு செல்போன்கள் வந்தன. புயலுக்குப் பிறகு சார்ஜுக்கு அலைந்து பழகிய ஜனம். டிரான்ஸ்பார்மரிலேயே நேராகச் சொருகிக்கொள்ள ஒரு பிளக் பாயின்ட் இல்லாமலா போய்விடும் என்று ஆளுக்கொரு சார்ஜரோடு லாரியைச் சுற்றி வந்தார்கள். இல்லை என்று தெரிந்ததும், "அப்புறம் இத்தாம் பெருசு எதுக்கு?" என்று ஒருவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். இந்தக் கலவரத்தில் தில்லையம்மாள் இறங்கி, அதே ஊரில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய், சித்தியின் முட்டி வலியை விசாரித்து, மோர் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

எழிலனின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"இப்ப எவ்ளோக்கா?"

"எண்பத்தஞ்சுடா."

"பச்சையிலதான இருக்குது?"

"பச்சப்பசேல்னு இருக்குது."

பழனிவேலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஓட்டத் தெரிந்தவன் ஓட்டினால் முள் எப்படிப் போகும் சிவப்புக்கு? மெல்ல விசில்கூட அடித்தான். பெரியப்பட்டு வரும்போது தில்லையம்மாள், "ஐயோ, செருப்பு விழுந்துடுச்சு" என்றாள். ஜன்னல் பக்கம் காலைத் தூக்கி வைத்திருந்தாளாம். அவன் நிறுத்தி, இறங்கி, வெயிலில் பின்னால் நடந்து போய் செருப்பை எடுத்து வந்தான். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு கால் செருப்பு விழுந்தது. இந்தத் தடவை அவன் போவதற்குள் ஒரு பஸ் அதன் மேல் ஏறி, அது வாய்க்காலுக்குள் எகிறிப் போய்விட்டது.

"நீ என்னா வண்டியில வர்றியா, செருப்பு வெதைக்கிறியா?"

"கோவப்படாதீங்க. நல்லாத் தேடிப் பாருங்க, கெடைக்கும்."

அவன் வாய்க்கால் கரையில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு வெறும் கையோடு வந்தான். இவள் வேண்டுமென்றே பிரயாணத்தை இழுக்கிறாள், லேட்டானால் லோடு கொடுத்தவர்கள் இனிமேல் கூப்பிட மாட்டார்கள், அப்படியே தம்பி கடைக்குத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போடுகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதும் மனசு கசந்துபோனது. அதற்குப் பிறகு அவளிடம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

புதுச்சத்திரம் நெருங்கும்போது கேபினுக்குள் ஒரு வாடை வந்தது. பழனிவேல் மூக்கை உறிஞ்சினான். தீய்ந்த வாடை.

"எவ்ளோ காட்டுது?"

"தொண்ணூறு."

"தொண்ணூறுல இப்பிடி நாறாதே."

"அது ஒங்க கால் நாத்தம். நிறுத்துங்க, எனக்கு அவசரம்."

அவசரம் என்று இறங்கியவள், வேப்பமரத்தடியில் நின்றிருந்த பெண்களிடம் போய் ஏதோ பேசினாள். பேசியது என்னவென்று அவனுக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் லாரியைத் திரும்பிப் பார்த்த பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை. அம்மை போட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது.

அவர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் இருசம்மாள், எதிரே மளிகைக் கடை வைத்திருப்பவள். புறங்கையை பானெட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, லாரியின் அடிவயிற்றுப் பக்கம் கையைக் கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஒடம்பு கொதிக்குது" என்றாள். "எத்தினி நாளா இப்பிடி?"

"அது கியர் பாக்ஸும்மா. அப்பிடித்தான் இருக்கும்" என்றான் பழனிவேல்.

"பெத்தவன் சொல்ற பேச்சா இது?"

அவ்வளவுதான், ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி மோரை ஊற்றச் சொன்னாள். ஒருத்தி வெந்தயம் என்றாள். யாரோ வேப்பிலைக் கொத்தைக் கொண்டுவந்து பம்பரில் சொருகிவிட்டார்கள். டிரான்ஸ்பார்மரின் நெற்றி என்று அவர்கள் முடிவு செய்த இடத்தில் சந்தனம் அப்பினார்கள். பழனிவேல் ஏறி ஸ்டார்ட் பண்ணப் போனபோது முன்சக்கரத்துக்கு நேரே நான்கைந்து பெண்கள் உட்கார்ந்துகொண்டார்கள். சூட்டோடு போனால் வழியில் டிரான்ஸ்பார்மர் வெடித்துவிடும், பிறகு யாருக்குமே கரண்ட் இல்லை என்பது அவர்கள் கட்சி. இறக்கிவிட்டுத்தான் அனுப்புவார்களாம், சூட்டை.

"கேளுங்க, ஒரே வைத்தியம்தான்" என்றாள் இருசம்மாள். "தொப்புள்ள வெளக்கெண்ண வச்சா எப்பேர்ப்பட்ட சூடும் எறங்கும். இதுக்குத் தொப்புள் எங்க இருக்குது?"

ஊரே பழனிவேலைப் பார்த்தது. தில்லையம்மாளும் பார்த்தாள். கியர் பாக்ஸில் எண்ணெய் ஊற்றுவதற்குப் பக்கவாட்டில் ஒரு திருகு மூடி உண்டு. உருவத்திலும் இடத்திலும் தொப்புள் என்றால் தொப்புள்தான். ஆனால் அதை அவன் திறந்ததே கிடையாது. எஞ்சின் ஆயிலைத் தினமும் பார்ப்பான், டயரைத் தட்டிப் பார்ப்பான். மெக்கானிக் பூட்டிக் கொடுத்ததை மட்டும் திறக்கக் கூடாது, திறந்தால் கைராசி போய்விடும் என்பது அவன் கொள்கை. அந்த மூடிக்கு அவன் செய்ததெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் சந்தனமும் குங்குமமும் வைத்ததுதான்.

வேறு வழியில்லை. கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கோபத்தோடு அடியில் படுத்தான். சந்தனமும் குங்குமமும் வாரத்துக்கு ஓர் அடுக்காக ஏறி, மூடி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சுரண்டி எடுத்துத் திருகினான். முறைப்படி பார்த்தால் மூடியைத் திறந்ததும் விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு மடக்கித் துழாவினான். விரல் சுட்டது. ஆனால் எண்ணெய் ஒட்டவில்லை.

தலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். எண்ணெயை அடைத்து நிறுத்தும் ரப்பர் சீல் வழியாக எண்ணெய் கசிந்து கசிந்து, புழுதி படிந்து, கறுப்பாகப் பிசுக்கு ஏறியிருந்தது. இன்று நேற்று ஏறியதல்ல. கம்மாபுரமும் இதுதான், பண்ருட்டியும் இதுதான். ரோடும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை, சனியும் இல்லை. லாரிக்கு அடியில், சுற்றிலும் ஊராரின் கால்களாகத் தெரிய, பழனிவேலுக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. அந்தக் கால்களுக்கு நடுவில் செருப்பில்லாத இரண்டு கால்கள் தார் ரோட்டின் சூட்டில் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தன.

"வெளக்கெண்ண எவ்ளோ இருக்குது?" என்று அடியிலிருந்து கேட்டான்.

"தொப்புளுக்கு ரெண்டு சொட்டு போதும்யா" என்றாள் இருசம்மாள்.

"இதுக்கு வவுறு பெருசும்மா."

கியர் ஆயில் வாங்கச் சிதம்பரம்தான் போக வேண்டும். அதுவரை உலர்ந்த வயிற்றோடு வண்டி போகாது. இருசம்மாள் கடையில் இருந்த தகரமும் வந்தது, வீட்டுக்கு வீடு இருந்த பாட்டில்களும் வந்தன. பிள்ளை பெற்ற வீட்டில்கூட மிச்சம் வைக்காமல் கொடுத்தார்கள். புனலை வைத்துப் பழனிவேல் ஊற்றிக்கொண்டே இருந்தான், அது குடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் விளிம்பு தாண்டி வழிந்தபோது ஒரு காற்றுக்குமிழ் குபுக்கென்று வெளியே வந்தது. "ஏப்பம் விட்டுடுச்சு, இனிமே பயமில்ல" என்றாள் இருசம்மாள். பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

விளக்கெண்ணெயோ வேப்பிலையோ, வண்டி வெண்ணெயாக ஓடியது. பி.முட்லூர் தாண்டி, வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கி, சிதம்பரம் மின் நிலையத்துக்குள் பிரசவ வீட்டு வாடையோடு லாரி நுழைந்தது. வாசலில் காத்திருந்த எழிலன் முதல் வேலையாகத் தாவி ஏறி மீட்டரைப் பார்த்தான். தொண்ணூற்று ஐந்து.

"வழியில எங்கனா செவப்புக்குப் போச்சாக்கா?"

"ம்ஹூம்" என்றாள் தில்லையம்மாள்.

எழிலனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் நல்ல பையன். "நீங்க ஜெயிச்சிட்டீங்க மாமா. கல்லாவுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, லாரி ஏன் இப்படி நாறுகிறது என்று யோசித்துக்கொண்டே கிரேன் பக்கம் போனான்.

இருவரும் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். ஜெயித்தது பழனிவேலுக்கு இனிக்கவே இல்லை.

"தப்பு எம்மேலதான் தில்லை" என்றான். "பொட்டியில எண்ணெயே இல்ல. தொறந்து பாக்காம ரெண்டு கியர் பாக்ஸ நான்தான் சாவடிச்சேன். என்னமோ முள்ளு செவப்புக்குப் போவாம தப்பிச்சுது."

தில்லையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போச்சு" என்றாள்.

"என்னாது போச்சு?"

"முள்ளு. காரைக்காடு தாண்டும்போதே போச்சு. அப்புறம் ஆலப்பாக்கத்துல. பெரியப்பட்டுல ரெண்டு வாட்டி. நிறுத்துனா கொஞ்ச நேரத்துல எறங்கிச்சு, கெளம்புனா ஏறிச்சு. நான் எத்தினி எளநிதான் குடிக்கிறது? அதான் செருப்பத் தூக்கிப் போட்டேன்."

பழனிவேல் அவளைப் பார்த்தான். பிறகு அவள் பாதங்களைப் பார்த்தான். அடிப்பாதம் சிவந்து, ஓர் ஓரத்தில் கொப்புளம் கண்டிருந்தது. காலையிலிருந்து அவளைப் பற்றி நினைத்ததையெல்லாம் நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்து, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். கற்பூரம் கற்பூரம்தான்.

"எங்க போறீங்க?"

"ஒந்தம்பிகிட்ட. சத்தியம் பண்ணிருக்கேன்."

"சொன்னா இப்பிடி ஆவும்னு தெரிஞ்சுதான் சொல்லாம வந்தேன்" என்றாள் தில்லையம்மாள். "தீவாளிக்கு அந்தக் கடையில ஒக்காந்திருந்தீங்கள்ல. ரெண்டு கையையும் மடியில போட்டுக்கிட்டு, யாரு வூட்டுக்கோ வந்தவரு மாதிரி. நான் ரோட்டுல நின்னு பாத்தேன். உள்ள வராமயே திரும்பிட்டேன். அத இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது மாமா."

பழனிவேல் சாவியோடு அப்படியே நின்றான். அந்தப் பக்கம் கிரேன் டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் புதுச்சத்திரத்துச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. சத்தியத்தையும் விட முடியவில்லை, இவளையும் விட முடியவில்லை. கடைசியில் சாவியை அவள் கையில் வைத்து மூடினான்.

"குடுத்துட்டேன். இனிமே வண்டி ஒன்னுது. நீ ஓட்டச் சொன்னா ஓட்டுறேன், கடைக்குப் போவச் சொன்னா போறேன்."

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "மொதல்ல செருப்புக் கடைக்குப் போவலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு பழனிவேல் லாரியில் கியர் பாக்ஸ் போனதாகப் பேச்சே இல்லை. எழிலனின் மீட்டர் அன்றைக்கே கழற்றப்பட்டு அவன் கடை ஷோகேஸுக்குப் போய்விட்டது. தினமும் வண்டி கிளம்பும் முன் தில்லையம்மாள் தெருவில் சாக்கை விரித்து அடியில் படுத்து, மூடியைத் திருகி, விரலை உள்ளே விட்டு எடுப்பாள். விரலில் எண்ணெய் மின்னினால்தான் முந்தானை முடிச்சு அவிழும். அதுவரை பழனிவேல் பக்கத்தில் நின்று, அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பான்.